வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை: காரின் கீறலுக்கு எந்தப் பெயின்ற்?

யாழ்ப்பாணத்தில் வெள்ளைக் கார் வைத்திருக்கும் பலர், கீறல் விழுந்த மறுநாளே ஹாட்வெயார் கடைக்குப் போய் "வெள்ளை ஸ்பிறே ரின் ஒண்டு தாங்கோ" என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் எடுத்துத் தருகிறார். அடித்துக் காய்ந்த பிறகு பார்த்தால், கதவில் பிளாஸ்டர் ஒட்டிய மாதிரி அந்த இடம் தனியாக நிற்கிறது. "கிட்டப் பாத்தாத்தான் தெரியும்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் நம்முடைய ஊரில் கிட்டப் போய்ப் பார்க்காதவர் யார்?

கையில் இருக்கும் வழிகள் என்னவென்று பார்ப்போம். கடையில் தொங்கும் ரெடிமேட் ஸ்பிறே ரின் ஒன்று. காரின் கலர் கோட்டை, அதாவது அதன் நிறத்துக்குக் கம்பனி கொடுத்த குறியீட்டை, கடையில் கொடுத்துக் கலக்குவித்து, ரின்னில் அடைத்துத் தரச் சொல்வது இன்னொன்று. அதே கலவையைச் சின்னப் போத்தலில் வாங்கித் தூரிகையால் தொடுவது மூன்றாவது. கராஜில் விட்டு ஸ்பிறே கன்னால் அடிப்பிப்பது நான்காவது. பெயின்ற்றே வாங்காமல் கட் அண்ட் பொலிஷ் செய்வது, அதாவது இருக்கிற பூச்சையே தேய்த்து மினுக்குவது, ஐந்தாவது. பலருக்கு இது ஞாபகத்துக்கு வருவதே இல்லை. எது மலிவு என்று கணக்குப் பார்க்க முதல், கீறல் எவ்வளவு ஆழம், நிறம் எந்த வகை, கார் உடம்பில் எந்த இடம் என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் ஐந்து வழிகளில் மூன்று தானாகவே கழன்று போகும்.

ஆழத்தைப் பார்க்க நகம் போதும். கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுங்கள். தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேலே இருக்கும் நிறமில்லாத மினுக்கப் பூச்சான கிளியருக்குள்தான் நிற்கிறது. தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம். நனைந்தவுடன் கீறல் மறைந்து, காய்ந்தவுடன் திரும்பி வந்தால் அதற்குப் பெயின்ற் தேவையில்லை. ஒழுங்கைக்குள் எதிரே வந்த காருக்கு இடம் விடப்போய் கிளுவைக் கதியாலிலோ முள்முருக்கிலோ உரசிய கோடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். பார்க்கும்போது வயிறு எரியும். மினுக்கும் பசையான கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பெரும்பாலான கார்களில் தகரத்தின் மேல் முதலில் பூசும் பிறைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்கிரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்புத்தான். அதில் கிளியரின் பங்கு 40, 50 மைக்கிரோன். ஒவ்வொரு கட் அண்ட் பொலிஷும் அதிலிருந்து கொஞ்சத்தைச் சுரண்டி எடுக்கிறது. வருசத்துக்கு ஒருக்கால் பளபளக்க வைக்கும் பழக்கம் உள்ளவர்களின் கார்களில், பொனற்றிலும் கூரையிலும் கிளியர் வெளுத்துத் தோலாக உரிகிறதைக் கண்டிருப்பீர்கள். அந்த நிலைக்கு வந்த காருக்கு ரின்னோ தூரிகையோ எதுவும் உதவாது. அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

நகம் நன்றாகத் தட்டுப்பட்டு, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் அது பிறைமர். மினுங்கும் தகரம் தெரிந்தால் நிறம் பொருத்துவதை மறந்துவிட்டு முதலில் அதை மூடுங்கள். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வருகிற காருக்கும், காங்கேசன்துறை, காரைநகர்க் கரையோரம் நிற்கிற காருக்கும் உப்புக் காற்று அவகாசம் கொடுக்காது. சுத்தம் செய்து, துரு இருந்தால் தேய்த்து, ஒரு சொட்டுப் பிறைமர் வைத்துவிட்டுப் பிறகு ஆறுதலாக நிறத்தைத் தேடலாம். பம்பர் என்றால் அந்த அவசரம் இல்லை. அது பிளாஸ்ரிக், துருப்பிடிக்காது.

இனி கோட். ரொயோட்டாவில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில், அல்லது பொனற்றுக்குள் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், "சி/ரிஆர்" என்ற வரி இருக்கும். அதில் முதலில் வருகிற மூன்று எழுத்தோ இலக்கமோதான் கலர் கோட். பின்னால் வருவது உள்ளே சீற்றும் துணியும் என்ன நிறம் என்பதற்கு. இரண்டையும் சேர்த்துக் கடையில் சொல்லிக் குழப்பாதீர்கள். ஹொண்டாவில் பெரும்பாலும் சாரதிக் கதவுத் தூணில் இருக்கும். பழைய நிசான்களில் பொனற்றுக்குள் தகட்டில் பாருங்கள். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த காரின் தகட்டில் மற்றதெல்லாம் ஜப்பான் மொழியில் இருந்தாலும் கோட் மட்டும் ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும் இருக்கும். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவதுதான் நல்லது. வாய்ச்சொல்லில் "எஃப்" "எஸ்" ஆகிவிடும்.

வெள்ளை ஒன்றல்ல என்பது இந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். ரொயோட்டாவின் 040 மினுக்கம் எதுவும் கலக்காத தனி வெள்ளை. அதே நிறுவனத்தின் 070, பிறியஸ் போன்றவற்றில் வருவது, முத்து வெள்ளை. அது மூன்று அடுக்கு: அடியில் வெள்ளை, நடுவில் ஒளி ஊடுருவும் முத்துப் பூச்சு, மேலே கிளியர். ஹொண்டா வெசெல்லில் வரும் என்எச்-788பி-யும் முத்து வகை. சுசுகியின் 26யு தனி வெள்ளை. தெருவில் நான்கு கார்களையும் வரிசையாக நிறுத்தினால் நாலும் வெள்ளைதான். ரின்னில் அடைக்கும்போது அவை நான்கும் நான்கு வேலை.

கோட் இல்லாமல் எதுவும் நடக்காது. கோட் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் என்ன நிறமாக இருந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. இன்றைக்கு உங்கள் முற்றத்தில் நிற்கும் காரின் நிறத்தை அது சொல்லாது. ஒரே கோட்டுக்குள்ளேயே தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. பெயின்ற் கம்பனிகளின் அட்டவணையில் ஒரே கோட்டுக்குக் கீழ் கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் நீலமாக, கொஞ்சம் கறுப்பாக என்று மாற்றுக் கலவைகள் இருப்பது அதனால்தான். பிறகு நம்முடைய வெயில். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனிப்பட்டோரின் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே இங்கே ஓடுகிற கார்களில் பெரும்பகுதி குறைந்தது ஐந்து வருச வெயில் குடித்தவை. பலது பத்தைத் தாண்டியவை. சிவப்பு எல்லாவற்றையும்விட வேகமாக மங்கும். வெள்ளை கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். சிவப்புக் கார் வைத்திருப்பவர் கோட்டை மட்டும் நம்பிக் கலக்குவித்தால், வெளியில் வருவது கார் புதிதாக இருந்த காலத்துச் சிவப்பு.

இதற்குச் சோதனை இலகு. பெற்றோல் மூடியைத் திறந்து அதன் உட்பக்க நிறத்தையும் வெளிப்பக்க நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கோட் கலவை அப்படியே பொருந்தாது. அந்த மூடியைக் கழட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பல கார்களில் அதை இலேசாகக் கழட்டலாம். கொண்டுபோக முதல் அதைக் கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக்க வேண்டும். அழுக்குப் பிடித்த மூடிக்கு அளவெடுத்தால் கலவையும் அழுக்கு நிறமாகத்தான் வரும்.

இன்னொரு பொறி: உங்கள் காரின் அந்தக் கதவு முந்தைய சொந்தக்காரர் காலத்திலேயே திரும்ப அடிக்கப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் கோட்டும் பொருந்தாது, அடியில் உள்ள பூச்சும் வேறு. மறைவான ஒரு மூலையில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் மெதுவாகத் துடையுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அது, பூச்சை இறுக வைக்கும் ஹாட்னர் கலக்காத என்சி (நைட்ரோசெலுலோஸ்) வகைப் பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹாட்னர் கலந்து நன்றாக இறுகிய 2கே பூச்சாக இருந்தால் அப்படி ஒட்டாது. பழைய எனாமல் பூச்சின் மேல் கடுமையான தின்னர் உள்ள ஸ்பிறே பட்டால் அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பும். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் இன்றும் இங்கே சில வீடுகளில் நிற்கின்றன. அவற்றில் எத்தனை காலத்துப் பூச்சு எத்தனை அடுக்காக இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அந்த வண்டிகளுக்குக் கோட் தேடுவது வீண். கண் பார்த்துக் கலக்குகிற ஆள்தான் வேண்டும்.

ரெடிமேட் ரின்னை நான் முழுக்க ஒதுக்கவில்லை. சக்கர வளைவின் உட்பக்கம், இரும்பு றிம், வைப்பர் கை, பம்பருக்குக் கீழே உள்ள கறுப்புப் பிளாஸ்ரிக் ஆகியவற்றுக்கு மினுங்காத மற் (மேட்) கறுப்பு ரின் தாராளமாகப் போதும். அங்கே பக்கத்தில் ஒப்பிட வேறு நிறமே இல்லை. ஆனால் "சில்வர்" என்று எழுதிய ரின்னைக் காரின் உடம்புக்கு அடிக்காதீர்கள். அதில் பல றிம்முக்கென்று செய்தவை. அலுமினியத் துகள் பெரிது, பளீரென்று மின்னும். ரொயோட்டாவின் 1எஃப்7 சில்வரில் துகள் நுணுக்கம், நிறமும் கொஞ்சம் அடங்கியது. இரண்டும் பக்கத்தில் நின்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கோட் பார்த்துக் கலக்கி ரின்னில் அடைப்பதுதான் பலருக்கும் ஆசை காட்டும் வழி. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கலக்கும் கடையில் தராசின் மேல் பேணியை வைத்து, சூத்திரத்தில் உள்ளபடி ஒவ்வொரு நிறத்தையும் கிராம் கணக்கில் விடுவார்கள். கறுப்பு, நீலம் போன்ற வலுவான நிறங்களில் ஒரு சொட்டுக் கூடினாலே கலவை திரும்பிவிடும். அதனால் மிகச் சின்ன அளவில், ஐம்பது மில்லியில், கலக்கச் சொன்னால் பிழைக்கு இடம் அதிகம். கலக்கி முடிந்ததும் பேணிக்குள் எட்டிப் பார்த்து "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். ஈரப் பெயின்ற்றின் நிறம் வேறு, காய்ந்ததன் நிறம் வேறு. ஒரு அட்டைத் துண்டிலோ தகரத் துண்டிலோ அடித்து, காயவிட்டு, மேலே கிளியர் போட்டு, அதன் பிறகு பெற்றோல் மூடிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கிளியர் ஏறாத நிறப் பூச்சு (பேஸ் கோட்) சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாகவே இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. "நேரமில்லை" என்று கடைக்காரர் சொன்னால், அட்டையை நீங்களே வீட்டில் அடித்துப் பார்த்துவிட்டுத் திருத்தத்துக்குத் திரும்பி வரலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரின்னில் அடைத்துவிட்டால் பிறகு திருத்த முடியாது. அடைக்கும் வசதி எல்லாக் கடையிலும் இருப்பதில்லை என்பதால், போக முதல் கேட்டுவிட்டுப் போவது ஒரு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பார்க்கிற வெளிச்சமும் முக்கியம். கடைக்குள் லைற்றின் கீழ் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் தெருவுக்கு வந்ததும் பிரிந்து நிற்கலாம். ஒரே மாதிரியான நிறத்தை வேறு வேறு சாயங்களால் கொண்டுவரும்போது இது நடக்கும். உச்சி வெயிலும் ஆகாது. கண் கூசுகிற வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். காலை எட்டு, ஒன்பது மணி நல்லது. நேர் வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம், பக்கவாட்டில் குனிந்து ஒரு தரம் பாருங்கள்.

அந்தப் பக்கவாட்டுப் பார்வையில்தான் சில்வர்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தனி வெள்ளை, தனிக் கறுப்பு போன்றவற்றில் நிறம் சரியென்றால் வேலை முக்கால்வாசி முடிந்தது. சில்வர் போன்ற மெற்றலிக்கில் கலவை அச்சொட்டாக இருந்தாலும் அடிக்கிற கை அதை மாற்றிவிடும். உள்ளே இருக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படுக்கின்றன என்பதே காரணம். கிட்ட வைத்து ஈரமாகத் தடிப்பாய் அடித்தால் நிறம் கறுக்கும். தூர வைத்து உலர்வாய் அடித்தால் வெளுக்கும். கராஜில் அடிக்கிறவர் கன்னில் காற்றையும் பெயின்ற்றையும் விசிறியின் அகலத்தையும் தனித்தனியே திருகிச் சரிசெய்வார். ரின்னில் நமக்கு இருப்பது ஒரு பொத்தான். ரின்னைக் குலுக்கும்போது உள்ளே உருளுகிற குண்டின் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் குறைந்தது இரண்டு நிமிசம் குலுக்க வேண்டும் என்று சொல்வது இந்தத் துகள்களுக்காகத்தான். அவை அடியில் தங்கியிருந்தால் முதல் பூச்சு ஒரு நிறம், கடைசிப் பூச்சு இன்னொரு நிறம். சில்வர் கதவின் நடுவில் ரின்னால் ஒரு வட்டம் அடித்தவர்களின் காரைக் காலையில் நேராகப் பாருங்கள், நல்ல வேலை போலிருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குச் சாய்ந்த வெயிலில், பின்பக்கத்திலிருந்து கதவோரமாய்ப் பாருங்கள். வட்டம் கறுப்பாக எழும்பி நிற்கும். அதைச் சுற்றி உலர்ந்து விழுந்த தூள் ஒரு வெளிர் வளையமாக இருக்கும்.

ரின் வேலைக்கு இறங்குவதென்றால் இடத்தைப் பார்த்து இறங்குங்கள். கதவுக்குக் கீழே உள்ள ஓரம், பம்பரின் கீழ் மூலை, கண்ணாடிக் கவர் ஆகியவை பாதுகாப்பான இடங்கள். கண்ணாடிக் கவரைக் கழட்டி முழுவதாகவே அடித்துவிடலாம். ஓரம் என்ற பிரச்சினையே இல்லை. பம்பருக்கு இன்னொரு சலுகை உண்டு. பிளாஸ்ரிக் பம்பரும் தகர உடம்பும் வேறு வேறாக அடிக்கப்படுவதால் புதுக் காரிலேயே இரண்டுக்கும் சின்ன நிற வித்தியாசம் இருப்பது வழக்கம். கண் அதை மன்னித்துப் பழகிவிட்டது. ஆனால் பிளாஸ்ரிக் வெளியே தெரிந்தால் அதற்கென்றே உள்ள பிளாஸ்ரிக் பிறைமர் முதலில் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அடித்துக் கழுவும்போது பெயின்ற் தாளாகக் கழன்று வரும். உடம்பில் ஒரு கோடோ மடிப்போ வரும் இடத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டினால் ஓரம் அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பொனற், கூரை, கதவின் நடு மூன்றும் ரின்னுக்கு உரிய இடமல்ல. 400 மில்லி ரின் ஒன்று ஒரு கதவு முழுவதற்கும் பெரும்பாலும் காணாது. பாதியில் முடிந்து இரண்டாவது ரின் கலக்குவித்தால் அது இன்னொரு கலவை.

கிளியரிலும் இரண்டு வகை இருக்கிறது. ஹாட்னர் இல்லாத சாதாரண கிளியர் ரின் அடிக்க இலேசு. ஆனால் பெற்றோல் சிந்தினால் இளகிவிடும். பெற்றோல் மூடிக்குப் பக்கத்தில் அதை அடிப்பதில் பிரயோசனம் இல்லை. 2கே கிளியர் ரின்னில் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஹாட்னர் உள்ளே கலந்துவிடும். அதன் பிறகு கெட்டியாகிவிட முதல், ரின்னில் எழுதியுள்ள நேரத்துக்குள், பாவித்து முடிக்க வேண்டும். பூச்சு உறுதியானது, மினுக்கமும் நிற்கும். ஆனால் அதில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது. நுரையீரலுக்குக் கூடாது; ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். கோவிட் காலத்துத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. சரியான சுவாசக் கவசம் இல்லாமல், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் வைத்து 2கே அடிக்க வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே சிலருக்கு கராஜ் மலிவு.

காலநிலையும் கணக்கில் வரும். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி ஈரப் பெயின்ற்றில் வந்து குந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டி வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகும். வெயிலில் நின்று சுட்ட தகரத்தில் அடித்தால் பெயின்ற் விழுகிறபோதே காய்ந்து சொரசொரப்பாகும். மாசி, பங்குனியில் பனி விலகிய காலை நேரம், நிழலில், காரின் உடம்பு கையால் தொடக்கூடிய சூட்டில் இருக்கும்போது அடிப்பது நல்லது. மிச்ச ரின்னைக் காருக்குள் போட்டுவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். ஐம்பது பாகைக்கு மேல் அது வெடிக்கக்கூடியது.

தூரிகைக்கு இங்கே போதிய மதிப்புக் கிடைப்பதில்லை. ஏ9 வீதியில் லொறிக்குப் பின்னால் போய்வந்த எந்தக் காரின் பொனற்றையும் பாருங்கள். கல் தெறித்த புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு ஸ்பிறே அடிப்பது சின்னக் காயத்துக்குப் பெரிய காயம் உண்டாக்குவதுதான். கோட் பார்த்துக் கலக்கிய பெயின்ற் கொஞ்சம், பல்லுக்குத்தும் குச்சி ஒன்று, பொறுமை ஆகியவை போதும். புள்ளியைச் சுத்தம் செய்து, குச்சி நுனியால் ஒரு சொட்டை நடுவில் வையுங்கள். அது தானாகவே ஓரம் வரை பரவும். காய்ந்தால் இறங்கும். அடுத்த நாள் இன்னொரு சொட்டு. மேல்மட்டத்தைவிடக் கொஞ்சம் எழும்பி நிற்கும்வரை இப்படியே செய்து, கிளியரும் வைத்து, நன்றாக இறுகிய பிறகு 2000 நம்பர் வோட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை) ஒரு சின்னத் தட்டையான கட்டையில் சுற்றித் தண்ணீர் விட்டு மட்டமாக்கி, கொம்பவுண்ட் போடுங்கள். நிறம் நூற்றுக்குத் தொண்ணூறு பொருந்தினாலே கண்ணுக்குத் தெரியாது. இடம் அவ்வளவு சிறியது. முத்து வெள்ளையில்கூடப் புள்ளி என்றால் தூரிகை ஒப்பேறும். நீண்ட கீறலில்தான் அது சரிவராது. சில்வரில் தூரிகைக் கோடு எப்போதும் கறுத்தே தெரியும். ஆனால் தகரத்தை மூடுகிறது, துருவைத் தடுக்கிறது. அது போதுமென்று நினைக்கிறவருக்கு அதுவே தீர்வு.

லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற மாமா லீவுக்கு வரும்போது கோட்டைச் சொல்லி ரின் கொண்டுவரச் சொல்லலாமே என்ற யோசனை ஒவ்வொரு வீட்டிலும் வரும். வேண்டாம். பெயின்ற் ஸ்பிறே எரியக்கூடிய பொருள். பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் போகாது, பெரிய பெட்டியிலும் போகாது. ஜப்பானில் சொஃப்ற்99 போன்றவர்கள் கோட்வாரியாகத் தூரிகைப் போத்தல் விற்கிறார்கள் என்பது உண்மை. அதற்குள்ளும் எரியும் திரவம்தான். மாமாவை விமான நிலையத்தில் மாட்டிவிடாமல் இங்கேயே கலக்குவியுங்கள்.

கராஜ் என்று முடிவெடுத்தால் விலையைக் கேட்க முதல் வேறு விசயங்களைக் கேளுங்கள். அடிக்க முதல் ஒரு தகரத் துண்டில் அடித்துக் காட்டுவீர்களா அண்ணை? பக்கத்துக் கதவுக்குள்ளும் கலரைக் கொஞ்சம் இழுத்துக் கரைப்பீர்களா? கிளியரைக் கீறல் இடத்துக்கு மட்டும் போடுவீர்களா, கதவு முழுவதற்குமா? கரைப்பதுதான் கைவேலை. புதுக் கலர் கீறல் இடத்தில் முழுதாக இருந்து, வெளியே போகப் போக மெலிந்து, பழைய கலருக்குள் காணாமல் போகும். அதற்குமேல் கிளியர் முழுக் கதவையும் மூடும். அப்போது கலவை கொஞ்சம் விலகியிருந்தாலும் கண் அதைப் பிடிக்க ஓரம் இல்லை. ரின்னால் இதைச் செய்ய முயற்சிப்பவர்கள் உண்டு. தனி நிறத்தில் ஓரளவுக்கு வரும். "பக்கத்துக் கதவைத் தொடத் தேவையில்லை, கோட் சரிதானே" என்று சில்வர் காருக்குச் சொல்கிறவரிடம் காரை விட நான் யோசிப்பேன்.

070 போன்ற மூன்றடுக்கு முத்து வெள்ளைக்கு இன்னும் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும். நடுவில் முத்துப் பூச்சு எத்தனை தரம்? ஒரு தரம் கூடினாலோ குறைந்தாலோ நிறம் மாறும். தெரிந்த ஆள் ஒரு தகரத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று படிப்படியாய் அடித்து, காருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தொடங்குவார். அதைச் செய்யாதவர் எத்தனை வருச அனுபவம் சொன்னாலும் அது குருட்டுக் கணக்கு.

கராஜுக்கு ஒரு மறைமுகச் செலவும் இருக்கிறது. கார் விற்கும்போது "ஒறிஜினல் பெயின்ற்" என்ற இரண்டு சொல்லுக்கு இங்கே விலை உண்டு. வாங்க வருகிறவர் தட்டிப் பார்ப்பார். சிலர் தடிப்பு அளக்கும் மீற்றரையே கொண்டுவருகிறார்கள். கரைப்பதற்காகப் பக்கத்துக் கதவுக்கும் கிளியர் போட்டிருந்தால் அந்தக் கதவும் கணக்கில் சேரும். இரண்டு வருசத்துக்குள் விற்கும் எண்ணம் இருந்தால், கதவில் உள்ள ஒரு சாண் கீறலைத் தூரிகையால் மூடிவிட்டு உள்ளதைச் சொல்லி விற்பது, இரண்டு கதவைத் திரும்ப அடித்துவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிடச் சிலவேளை லாபம்.

ஆகவே 040 அல்லது 26யு காருக்குப் பம்பர் மூலையிலோ கதவின் அடி ஓரத்திலோ கீறல் என்றால், கலக்கிய ரின்னைத் துணிந்து வாங்கலாம். ரொயோட்டா 202 போன்ற தனிக் கறுப்பில் நிறம் பொருந்துவது சுலபம். ஆனால் ஒவ்வொரு தூசியும் ஒவ்வொரு அலையும் காட்டிக்கொடுக்கும். தேய்த்து மினுக்க நேரமிருப்பவருக்கு மட்டும் அது. 209 கறுப்பு வெயிலில் மினுங்கும் மைக்கா வகை. அதைத் தனிக் கறுப்பென்று நினைத்து அடித்தால் நிழலில் தப்பும், வெயிலில் அகப்படும். சில்வர், சாம்பல் மெற்றலிக்கில் புள்ளிக்குத் தூரிகை, கதவுக்குக் கராஜ். நடுவில் ரின் இல்லை. முத்து வெள்ளைக்கும் அதேதான். அது கராஜிலும் தேர்ந்த கையைத்தான் கேட்கும். சிவப்புக்கு எந்த வழியில் போனாலும் மூடியைக் கழட்டிக்கொண்டு போங்கள்.

கலக்குவித்த பேஸ் கோட்டில் மிச்சம் இருந்தால் கராஜிலோ கடையிலோ விட்டுவராதீர்கள். ஹாட்னர் சேராத பெயின்ற் என்றால், வாய் இறுகிய சின்னக் கண்ணாடிப் போத்தலில் கழுத்து வரை நிரப்பி, நிழலான இடத்தில் வைக்கலாம். போத்தலின் மேல் கலர் கோட்டையும், எந்தக் கம்பனியின் எந்த மாற்றுக் கலவை என்பதையும், கலக்கிய மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். சொட்டுச் சொட்டாகத் திருத்தினார்கள் என்றால் அந்தத் திருத்தத்தையும் கடைக்காரரிடம் கேட்டு எழுதுவியுங்கள். அடுத்த கீறலுக்குக் கோட்டைவிட அந்தத் துண்டுதான் உதவும்.